ஒரு பை ரத்தமும் ஒரு நாள் கூலியும்

என் ரத்தப் பிரிவு என்னவென்று நாற்பத்தாறு வயது வரை எனக்குத் தவறாகத்தான் தெரிந்திருந்தது. அலுவலக அடையாள அட்டையில் 'ஓ பாசிட்டிவ்' என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்த யாரோ விரல் நுனியில் குத்திப் பார்த்துச் சொன்னது அது. அதன்பிறகு அதைச் சந்தேகப்பட எந்தக் காரணமும் வரவில்லை. மகள் பிறந்தபோதுகூட எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இப்போது உடம்பு தேறி வேலைக்கும் திரும்பிவிட்டேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பலில் போகும் சரக்குக்கான ஆவணங்களைத் தயார்செய்து சுங்கத்துறைக்கு அனுப்புவது என் வேலை. உறைய வைத்த இறால், உப்பு, தீப்பெட்டி என்று பலதும் என் கணினித் திரை வழியாகத்தான் ஊரை விட்டுப் போகின்றன. கணவர் லூர்து துறைமுகத்தில் மின்பிரிவில் இருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள்.

நோய் முதலில் ஐஸ் கட்டியாகத்தான் வந்தது. வெயில் காலம் என்று நினைத்து ஆரம்பித்தேன். தண்ணீருக்குப் பதிலாக ஐஸைக் கடித்தேன். பிறகு சாப்பாட்டுக்குப் பதிலாகவும் கடித்தேன். அலுவலகத்துக்கு ஃபிளாஸ்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். லூர்து ஒருநாள் குசினியில் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏளா ரோஸ்லின், மீன் யாவாரம் எதும் ஆரம்பிச்சிருக்கியா, இவ்வளவு ஐஸு போட்டு வச்சிருக்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டு இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

மாதவிலக்கும் ஒரு வருடமாக ஒழுங்கில்லை. வந்தால் நிற்பதில்லை. நிற்கப்போகிற வயது, போகிறபோது இப்படித்தான் கொட்டும் என்று அலுவலகத்தில் என்னைவிட மூத்தவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. கால் வீங்கியது, செருப்பை மாற்றினேன். மூச்சு வாங்கியது, மெதுவாக நடந்தேன். எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஒரு காலையில் முதல் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வலி ஒன்றும் இல்லை. நெஞ்சு அடிப்பது மட்டும் காதுக்குள் கேட்டது. வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்தபோது, ஐஸ் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேனாம். எனக்கு நினைவில்லை.

மருத்துவமனையில் வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டிகள். புற்றுநோய்க் கட்டி இல்லை, சதை திரண்டு வளர்வது. பல பெண்களுக்கு இருப்பதுதான். என்னுடையவை வளர்ந்த இடம் சரியில்லாததால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அடுத்து ஹீமோகுளோபின் பார்த்தார்கள். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் உயிருக்கு வேண்டியதை உடம்பு முழுக்கத் தூக்கிக்கொண்டு போகும் பொருள் அது. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எனக்கு நான்குகூட இல்லை. மகப்பேறு மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு தூக்கிட்டு வந்தா?"

"ஆட்டோவுல வந்தேன். உள்ள நடந்துதான் வந்தேன்."

"இனிமே நடக்காதீங்க," என்றார்.

ஐஸ் ஆசையைப் பற்றிச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. இரும்புச்சத்து வற்றிப்போனால் சிலருக்கு அப்படி வருமாம். சிலர் பச்சரிசி தின்பார்கள், சிலர் சாம்பல்கூடத் தின்பார்கள் என்றார். இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு என் இதயம் இரட்டிப்பு வேலை செய்கிறது, அது களைத்துப்போவதற்குள் ரத்தம் ஏற்ற வேண்டும், பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று லூர்துவிடம் சொன்னார்.

லூர்துக்கு அது நிம்மதியாக இருந்தது. ஓ பாசிட்டிவ்தானே. துறைமுகத்தில் அவர் கூட்டாளிகளில் பாதிப்பேர் அதுதான். அவரே வருடம் தவறாமல் ரத்தம் கொடுக்கிறவர். ஏற்றும் பைகளுக்கு ஈடாக நம் ஆட்கள் வந்து கொடுத்தால் இருப்பு குறையாது என்று ரத்த வங்கியில் கேட்டிருந்தார்கள். மதியத்துக்குள் நான்கைந்து பேர் சீருடையோடு வந்துவிட்டார்கள்.

ஆனால் எனக்கு ரத்தம் வரவில்லை. முதலில் ஒரு நர்ஸ் வந்து இன்னொரு முறை மாதிரி எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் வந்து மறுபடி எடுத்தார். "எனக்கே இல்லைன்னுதான் படுத்திருக்கேன். இருக்கதையும் எடுத்துருவிய போலிருக்கே," என்றேன். அவர் சிரித்தாலும் முகம் தெளிவாக இல்லை.

பையிலுள்ள ரத்தத்தையும் நோயாளியின் ரத்தத்தையும் ஒரு குழாயில் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒத்துக்கொண்டால் அப்படியே கலந்திருக்கும். இல்லையென்றால் திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாகும். என்னுடையதோடு அவர்கள் சேர்த்துப் பார்த்த ஒவ்வொரு ஓ பிரிவுப் பையும் திட்டுத்திட்டாகியிருக்கிறது. மாலையில் ரத்த வங்கி மருத்துவரே வார்டுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க அப்பாவும் அம்மாவும் சொந்தத்துல கட்டினவங்களா?"

"ஆமா. அத்தை மகளைத்தான் அப்பா கட்டினாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு விளக்கினார். ஏ, பி என்று நாம் சொல்வதெல்லாம் ரத்த அணுவின் மேல் ஒட்டியிருக்கும் பொருள்கள். இரண்டும் இல்லாதவர்களை ஓ என்கிறோம். ஆனால் ஓ பிரிவுக்காரர்களுக்கும் அடியில் 'ஹெச்' என்று ஒரு பொருள் உண்டு. உலகத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. எனக்கு அதுவும் கிடையாது. மேலோட்டமான பரிசோதனையில் ஓ என்றுதான் காட்டும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் என் உடம்பு அதை எதிரியாக நினைத்து அழிக்கும், கூடவே நானும் போய்விடலாம். முதலில் பம்பாயில் கண்டுபிடித்ததால் இதற்கு பாம்பே பிரிவு என்றே பெயர்.

"அப்ப எனக்கு யாரு ரத்தம் சேரும்?"

"உங்களை மாதிரியே இருக்கிற இன்னொருத்தர் ரத்தம்."

கூடப் பிறந்தவர்களிடம் கிடைக்கலாம் என்றார்கள். எனக்கு ஒரே தம்பி. மணப்பாட்டிலிருந்து அன்றைக்கே மனைவியோடு புறப்பட்டு வந்தான். அவனுக்குச் சாதாரண ஓ பிரிவு. பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்து என் காலடியில் நின்று, தேர்வில் தோற்றவன் மாதிரி, "எனக்கு இல்லக்கா," என்றான். அவன் மனைவி பையிலிருந்து சீப்பை எடுத்து என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். அந்த நாட்களில் எனக்கு யாரும் செய்த உதவிகளில் அதுதான் தெளிவாக நினைவிருக்கிறது.

மற்றதெல்லாம் மங்கலாகத்தான் இருக்கிறது. ரத்தப்போக்கை நிறுத்த ஊசியும் மாத்திரையும் தந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கழிப்பறைக்குக்கூட இறங்கக் கூடாது. மாமியார் தினமும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வறுத்து அனுப்பினார். ரத்தம் ஊறும் என்பது அவர் நம்பிக்கை. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குப் பித்தப்பை அறுவை முடிந்திருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அவளைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். மகளை வரவேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டாள். பயமாக இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். உண்மையில் எனக்குப் பயம் இல்லை. மூளைக்கு ரத்தம் குறைந்தால் பயப்படுகிற தெம்பும் போய்விடும் என்று நினைக்கிறேன். எங்கோ உயரத்திலிருந்து யாரோ ஒருத்தி படுத்திருப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பயமெல்லாம் லூர்து முகத்தில் இருந்தது. சவரம் செய்யாமல், சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, எந்நேரமும் போனில் இருந்தார்.

அந்தப் போன்களில் ஒன்றில்தான் இசக்கியம்மாள் கிடைத்தாள். திருநெல்வேலியில் ரத்ததானத்துக்கு ஆள் சேர்த்துவிடும் ஒருவர் எண்ணைக் கொடுத்திருந்தார். அவளுக்கு ஆதிச்சநல்லூர் பக்கம் ஒரு கிராமம். வயது முப்பத்துநான்கு. தூத்துக்குடியில்தான் ஒரு இறால் பதப்படுத்தும் தொழிற்சாலையில் இறால் உரிக்கும் வேலை. இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது இந்தப் பிரிவு என்று தெரிந்திருக்கிறது. அதன்பிறகு கேட்டவர்களுக்கு மூன்று முறை வந்து கொடுத்திருக்கிறாள். லூர்து கேட்டதும் அவள் சொன்ன பதில் இது.

"வாரேன் அண்ணாச்சி. கடைசியாக் குடுத்து ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு, குடுக்கலாம். ஆனா ஒரு நாள் ஷிப்டு போகும். அந்தக் கூலியத் தந்திரணும்."

"ஒரு நாளைக்கு என்னம்மா, ஒரு மாசத்துக்கே தாரேன்," என்றார் லூர்து.

"ஒரு நாளைக்குள்ளது போதும்," என்றாளாம்.

மறுநாள் காலையில் தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நேராக மருத்துவமனைக்கு வந்தாள். அதற்குப் பிறகு ரத்த வங்கியில் நடந்ததை லூர்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டை நீலத் திரவத்தில் விட்டார்கள். சொட்டு மூழ்கினால் கொடுக்கிறவரின் ரத்தம் போதுமான கெட்டி. மூழ்கியது. லூர்துக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது. கடைசியாக ஆலோசகர் பெண் வழக்கமான கேள்விகளைக் கேட்டிருக்கிறார். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தியதுண்டா, மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை. பிறகு, ரத்தம் கொடுப்பதற்காக யாராவது பணம் தருகிறார்களா.

"ஆமா. ஒரு நாள் கூலி தாரேன்னு இந்த அண்ணாச்சி சொல்லியிருக்காவ."

ஆலோசகர் பேனாவை வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டார். காசுக்கு ரத்தம் வாங்குவது நம் நாட்டில் சட்டப்படி கூடாது. பஸ் செலவைக் கொடுக்கலாம், குடிக்கப் பழச்சாறு கொடுக்கலாம், அவ்வளவுதான். மருத்துவர் பொறுமையாகத்தான் சொன்னாராம். அவர் படித்த காலத்தில் மருத்துவமனை வாசல்களில் ரத்தம் விற்கவென்றே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களாம். கைச்செலவுக்கு வேண்டியபோதெல்லாம் கொடுப்பார்கள். தண்ணீராக இருக்கும் அந்த ரத்தம். காமாலை உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள். உண்டு என்றால் காசு கிடைக்காதே. அந்தப் பையை வாங்கிக்கொண்டு போனவர்கள் புது நோயோடு திரும்பி வந்தார்கள்.

"காசுன்னு வந்துட்டா உண்மை போயிரும், சார். அதுக்காகத்தான் இந்தச் சட்டம்."

"இந்தப் பிள்ளை உண்மையத்தானே டாக்டர் சொல்லுது?" என்று கேட்டிருக்கிறார் லூர்து.

மருத்துவர் வேறு ஊர்களில் கேட்டுப் பார்ப்பதாகவும், அதற்கு இரண்டு மூன்று நாளாகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அத்தனை நாள் என்னை வைத்துக்கொண்டு இருக்க முடியுமா என்று லூர்து கேட்க, அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றிருக்கிறார்.

ஷிப்டும் போய், வந்த வேலையும் நடக்காமல், இசக்கியம்மாள் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால், வந்ததற்கு நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வார்டுக்கு வந்தாள். ஒல்லியான உடம்பு, நீலச் சேலை. ஐஸிலேயே வேலை பார்க்கிற கை என்று விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது, நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. லூர்து அவளை விட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். அவர் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவருக்குத்தான் அவள் மேல் கோபம் இருந்தது, அதை மறைக்கத் தெரியவில்லை.

"எப்படிக்கா இருக்கிய?" என்றாள்.

"இப்படித்தான்." பேசினாலே மூச்சு வாங்கியது. "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, இசக்கி. யாருக்குத் தெரியப்போகுது?"

"மூணு வாட்டியும் அப்படித்தான்க்கா சொன்னேன். கேட்டா இல்லன்னு சொல்லிருன்னு அவங்க வீட்டு ஆளுகளே சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டுப் போவாவ. முத ரெண்டு பேரு தந்துட்டாவ. மூணாவது ஒரு பெரியவருக்கு. நல்ல வசதியான ஆளுக. குடுத்துட்டு வெளிய வந்தா யாரையும் காணும். போன் போட்டா எடுக்கல. அந்த ரத்த வங்கியிலயே போயிக் கேட்டேன். காசு வாங்கலன்னு நீதானே எழுதிக் குடுத்திருக்கன்னு சொல்லிட்டாவ."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் எழுதிக் குடுத்ததும் உண்மைதானே. யாரும் ஒண்ணும் தரலையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்து, நர்ஸ் ஓடிவந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

"அதான் இந்த வாட்டி நாலு பேரு காதுல விழ முதல்லயே சொல்லிரணும்னு சொன்னேன். இப்படி வேண்டாம்னு சொல்லுவாவன்னு எனக்குத் தெரியாது. எனக்கு ரத்தத்துக்குக் காசு வேண்டாம்க்கா. அது ஊறிரும். அந்த ஷிப்டு ஊறாதுல்லா. லீவு போட்டா அன்னைக்குள்ள கூலியும் போயி, மாசக் கடைசியில தார போனஸும் போயிரும்."

அந்த நேரத்தில் ரத்த வங்கி மருத்துவர் வார்டுக்கு வந்தார். நாடித்துடிப்பைப் பார்த்தார், என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். இசக்கியம்மாள் அங்கே நிற்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. லூர்து வாசலிலிருந்து உள்ளே வந்தார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

"டாக்டர், ஒண்ணு கேக்கேன். நான் இத்தனை வருசமா ரத்தம் குடுக்கேன். குடுக்க அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல சம்பளத்தோட லீவு உண்டு. காசு வாங்கிட்டுத்தான் குடுக்கேன்னு என்னை யாரும் சொன்னதில்ல. மேடையில சால்வை போட்டாவ. இந்தப் பிள்ளை அதே ஒரு நாளைத்தானே கேக்கு?"

"அது வேலை குடுக்கிறவங்க தர்ற லீவு, சார். இது நோயாளி வீட்டுல தர்ற காசு. இன்னைக்கு ஒரு நாள் கூலின்னு ஆரம்பிக்கும். நாளைக்கு உங்களைவிட அதிகமா இன்னொருத்தர் தருவாரு. அப்ப இவங்க ரத்தம் யாருக்குப் போகும்? காசில்லாதவங்க என்ன செய்வாங்க?"

அவர்கள் இருவரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அப்போது என் மண்டையில் தங்கியது ஒரு வார்த்தைதான். லீவு.

"உங்க கம்பெனி எது, இசக்கி?" என்று கேட்டேன். அவள் சொன்ன பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர்கள் இறால் கன்டெய்னர்களுக்கு ஆவணம் போடுவது நான்தான். அதன் ஏற்றுமதி மேலாளரோடு வாரம் தவறாமல் பேசுகிறேன், முகம் பார்த்ததில்லை. லூர்துவிடம் என் போனை வாங்கி அவரைக் கூப்பிட்டேன்.

"மேடம், எங்க போயிட்டீங்க? ரெண்டு கன்டெய்னர் நிக்குது, உங்க ஆபீஸ்ல புதுசா ஒரு பையன் எல்லாத்தையும் தப்புத்தப்பா அடிக்கான்," என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். பாதியில் மூச்சு முட்டியது, மீதியை லூர்து சொன்னார்.

"உரிக்கிற செக்ஷன்ல அப்படியெல்லாம் லீவு கிடையாதே, மேடம்."

"இன்னைக்கு ஒரு நாள் சம்பளத்தோட போடுங்க, சார். போனஸும் போகக்கூடாது."

"சரி, ஹெச்.ஆர்ல சொல்லுதேன். போட்டாச்சுன்னே வச்சுக்கோங்க. உடம்பைப் பாருங்க."

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லாரும் கேட்டார்கள். மருத்துவர் இசக்கியம்மாளைப் பார்த்தார். "இவங்க வீட்டுல இருந்து காசு எதுவும் வாங்கக் கூடாது. உங்களுக்குக் குடுக்க இஷ்டம் இருந்தா மட்டும் வாங்க. இல்லன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். காகிதம் மாதிரி வெளுத்துப்போய் நான் படுத்திருக்கிறேன். பக்கத்தில் என் மகள் நிற்கிறாள். அவளுடைய கம்பெனி மேலாளரிடம் என்னால் ஒரு போனில் காரியம் சாதிக்க முடியும் என்பதையும் அவள் பார்த்துவிட்டாள். இஷ்டம் என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் எவ்வளவு இடம் இருந்தது என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை.

"சரி, வாங்க," என்று அவள் மருத்துவருக்கு முன்னால் நடந்தாள்.

சோதனைகளெல்லாம் முடிந்து மாலையில் பை வந்தது. என் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்ததில் திட்டு விழவில்லை. முதல் கால் மணி நேரம் நர்ஸ் நகராமல் பக்கத்திலேயே நின்றார். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அந்த நேரத்தில்தான் குளிரும், முதுகு வலிக்கும், மூச்சு திணறும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. குளிர்பெட்டியிலிருந்து வந்ததால் கையில் ஏறுவது சில்லென்று தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அறையிலிருந்த பொருள்களுக்கு ஓரம் வந்தது. மின்விசிறியின் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இத்தனை நாள் எங்கே படுத்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் பெண் தன் பழச்சாற்றை அனுப்பிவைத்தாள்.

ஒரு பையால் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒன்றுதான் ஏறும். ஆனால் ரத்தப்போக்கும் நின்றுவிட்டதால் அந்த ஒன்று இதயத்தைக் காப்பாற்றியது. மீதியை இரும்புச்சத்து ஊசியால் நிரப்பினார்கள். வீட்டுக்கு அனுப்பி, சில மாதங்கள் கழித்து அறுவைக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் என் ரத்தத்தையே எடுத்து என் பெயர் எழுதிக் குளிரில் வைத்துக்கொண்டார்கள். எனக்குத் தேவைப்பட்டால் எனக்கே ஏற்றுவதற்கு. நல்லவேளையாகத் தேவைப்படவில்லை. கர்ப்பப்பையை எடுத்த மூன்றாம் நாளே நடந்தேன். ஐஸ் ஆசை அதற்கு வெகு முன்பே, ஊசி போட்ட முதல் வாரத்திலேயே போய்விட்டது. அதற்காகக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் முறை வீட்டுக்கு வரும்போது பில்லை வாங்கிப் படித்தேன். ஆவணம் படிப்பது என் தொழில். ரத்தத்துக்கு விலை என்று எதுவும் போட்டிருக்கவில்லை. பைக்கு, பரிசோதனைக்கு, சேமித்து வைத்ததற்கு, ஏற்றியதற்குக் கட்டணம் இருந்தது. எல்லாம் நியாயமானவைதான். பை செய்தவர், பரிசோதித்தவர், ஏற்றியவர் எல்லாருக்கும் அன்றைக்குச் சம்பளம் உண்டு. லூர்துவிடம் காட்டினேன். "அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?" என்றார். எனக்கும் தெரியவில்லை. காசு கொடுக்கத் தொடங்கினால் அந்த மருத்துவர் சொன்ன ஆட்கள் மறுபடி வாசலில் வந்து உட்காரத்தான் செய்வார்கள்.

அறுவை முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு இசக்கியம்மாளைக் கூப்பிட்டு, தேறிவிட்டேன் என்று சொன்னேன். வார விடுமுறையில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கத் தூத்துக்குடி வருவதாகச் சொன்னாள். பழைய பேருந்து நிலையத்தின் பக்கம் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்னைக்குப் பாத்ததுக்கு இப்ப வேற ஆளா இருக்கிய," என்றாள். மேலாளர் சொன்னபடி லீவு போட்டாரா என்று கேட்டேன்.

"போட்டாவ, போட்டாவ. என் லீவத்தான் போட்டாவ."

எனக்குப் புரியவில்லை.

"வருசத்துக்கு எங்களுக்கு உள்ள லீவுல ஒண்ணக் கழிச்சுட்டாவ. அது எங்க கோயில் கொடைத் திருவிழாவுக்கு வச்சிருந்தது. பொறவு கொடைக்குச் சம்பளம் இல்லாமத்தான் லீவு போட்டேன். அந்த மாசம் போனஸும் இல்ல."

"எங்கிட்ட சொல்லலையே, இசக்கி?"

"சொன்னா நீங்க அவருகிட்டக் கேப்பிய. அவரு எங்க சூப்பர்வைசர்கிட்டக் கேப்பாரு. நாளைக்கு நான்லா அங்கன நிக்கணும்."

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்குக் காது சூடாகியது. பையைத் திறந்து இருந்ததை எடுத்து, அப்படியே மடித்து அவள் பக்கம் நகர்த்தினேன். இது கூலியா, அன்பளிப்பா, சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அந்த மருத்துவரிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். அவள் மறுக்கவுமில்லை, எவ்வளவு என்று பார்க்கவுமில்லை. எடுத்துத் துணிப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூஸைக் குடித்துவிட்டுப் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தோம். ஏதோ யோசித்துக்கொண்டே வந்தவள் கேட்டாள்.

"யக்கா, எனக்கு இதுவரைக்கும் உங்களையும் சேத்து நாலு பேரைத் தெரியும், நம்ம குரூப்புல. அந்தப் பெரியவரு எறந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். ஒண்ணு சின்னப்பிள்ளை. இன்னொரு ஆளு நம்பரு மாறிட்டு. எனக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?"

"ரத்தம் ஏத்தினா ஒரு வருசம் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அது முடிஞ்சா நான் வாரேன்."

"உங்களுக்கு லீவு போட்டா சம்பளம் பிடிப்பாவளா?"

"பிடிக்க மாட்டாங்க."

"அப்ப வந்துருவிய," என்றாள்.

ஸ்ரீவைகுண்டம் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.